வலிப்பு நோய்க்குச் சரியான மருத்துவரைக் கண்டடைவது: ஏற்காடு, சேலம் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் யாரிடமாவது “நல்ல நரம்பு டாக்டர் யார்?” என்று விசாரித்துப் பாருங்கள். ஒருவர் முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை செய்பவரைச் சொல்வார். இன்னொருவர் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதற்கு லேசர் வைப்பவரைச் சொல்வார். மூன்றாமவர் மனநல மருத்துவரைக் கைகாட்டுவார். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த நரம்புத் தளர்ச்சி விளம்பரத்தை நம்பி, லாட்ஜ் அறையில் உட்கார்ந்திருந்த வைத்தியர் வரை போய்த் திரும்பியவர்களும் எனக்குத் தெரிந்த வட்டத்தில் உண்டு. வலிப்பு நோய்க்குப் பார்க்க வேண்டியவர் இவர்களில் யாரும் அல்லர். மூளை நரம்பியல் மருத்துவர், அதாவது நியூராலஜிஸ்ட் என்று பலகையில் எழுதியிருப்பவரே அதற்கு உரியவர். நியூரோசர்ஜன் என்பவர் அறுவை மருத்துவர். அவருடைய முறை பின்னால் வரும், பெரும்பாலோருக்கு வரவே வராது.

ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வசிக்கும் எங்கள் குடும்பத்தில், என் அக்கா மகளுக்கு 16 வயதில் வலிப்பு வந்தது. சரியான மருத்துவரிடம் போய்ச் சேர எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொண்டதை, இப்போதுதான் முதல் வலிப்பைப் பார்த்துத் திகைத்து நிற்கும் குடும்பங்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மருந்தைப் பற்றி இதில் வருவன எல்லாம் மருத்துவரிடம் கேட்பதற்காகவே. நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவோ மாற்றவோ கூடாது. திடீரென நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையான வலிப்பு வரக்கூடும்.

முதல் நாள்

முதல் வலிப்பு வந்த அன்று நிபுணரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்வதே போதும். மலையில் இருப்பவர்களுக்கு அது ஏற்காடு அரசு மருத்துவமனையாக இருக்கும். சர்க்கரை குறைவு, சோடியம் குறைவு, தலைக்காயம், மூளைக்காய்ச்சல், குடியை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாள் எனப் பல காரணங்களால் வலிப்பு வரலாம். அவை எல்லாம் வலிப்பு நோய் ஆகிவிடா. இத்தகைய உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறை வலிப்பு வந்தால் அதை வலிப்பு நோய் என்கிறார்கள். ஒரே முறை வந்திருந்தாலும், ஸ்கேனிலோ, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி.யிலோ மீண்டும் வருவதற்கான வலுவான அறிகுறி தென்பட்டால் அவ்வாறே முடிவு செய்வதுண்டு. அன்று எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். நிபுணர் முதலில் கேட்பவை அவைதாம்.

கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது, பற்களுக்கிடையில் கரண்டியைச் செருகுவது, வாயில் தண்ணீர் ஊற்றுவது ஆகியவை எதற்கும் பயன்படமாட்டா. பல் உடைவதும் மூச்சுக்குழலில் நீர் போவதும்தான் மிச்சம். சாவியைக் கொடுத்ததும் நின்றுவிட்டது என்பார்கள். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரண்டு நிமிடங்களில் தாமாகவே நிற்பவை. சாவியைத் தேடி எடுத்துவர ஆகும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

நேரில் பார்த்தவரின் சாட்சி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால், இந்தப் பகுதியைப் படியுங்கள். வலிப்பு நோயைக் கண்டறிவதில் ஸ்கேனைவிட முக்கியமானது, வலிப்பு வந்தபோது அருகில் இருந்தவர் சொல்லும் விவரம். நோயாளிக்குப் பெரும்பாலும் எதுவும் நினைவிருப்பதில்லை. எனவே மருத்துவரிடம் போகும்போது, நேரில் பார்த்தவர் யாரோ அவர்தான் உடன் வர வேண்டும். வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற சித்தப்பாவை அனுப்பினால் அந்தப் பயணம் பாதி வீண்.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், தூக்கத்திலா விழிப்பிலா, எத்தனை நிமிடம், முந்தைய இரவு எவ்வளவு தூக்கம், மாத்திரை தவறியதா என்பவற்றை எழுதுங்கள். தலை எந்தப் பக்கம் திரும்பியது, முதலில் இழுத்தது எந்தக் கை, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, உதட்டைச் சப்புக்கொட்டினாரா, உடையைப் பிசைந்தாரா, நாக்கின் ஓரம் கடிபட்டதா, தெளிந்த பிறகு எவ்வளவு நேரம் குழப்பமாக இருந்தார் என்பவை மூளையின் எந்தப் பகுதியில் கோளாறு தொடங்குகிறது என்பதற்கான தடயங்கள். வயிற்றிலிருந்து ஏதோ மேலேறி வருவதுபோல் இருந்தது, இல்லாத நாற்றம் அடித்தது என்று நோயாளி சொன்னால் அதையும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.

முடிந்தால் கைபேசியில் படம் பிடியுங்கள். எங்கள் வீட்டில் என் மகன் படம் பிடித்தபோது, “பிள்ளை துடித்துக்கொண்டிருக்கும்போது படமா எடுக்கிறாய்?” என்று என் தாயார் அவனை அறையப் போனார். பின்னாளில் நிபுணர் அந்த ஒன்றரை நிமிடப் படத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். முதல் சில நொடிகளை மட்டும் நான்காம் முறையும் பார்த்தார். ஒருவர் பாதுகாப்பைக் கவனித்துக்கொள்ள, இன்னொருவர் படம் எடுக்கட்டும். முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும், போர்வையை விலக்கிவிடுங்கள். வலிப்புப் போலவே தோன்றினாலும் மனவழுத்தத்தால் வருகிற, மூளையின் மின்கோளாறு இல்லாத துடிப்புகளும் உண்டு. அவற்றுக்கு வலிப்பு மாத்திரை உதவாது. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவும் இந்தப் படமே பெரிதும் உதவுகிறது.

பலகையில் உள்ள எழுத்துகளைப் படிப்பது

எம்.பி.பி.எஸ். முடித்து, பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. படித்து, அதன்பின் மூன்று ஆண்டுகள் டி.எம். நியூராலஜி படித்தவரே நரம்பியல் மருத்துவர். டி.என்.பி. அல்லது டி.ஆர்.என்.பி. நியூராலஜி என்றிருந்தால் அதுவும் இணையான தகுதிதான். எம்.சிஎச். என்றிருந்தால் அறுவை மருத்துவர். குழந்தைகளுக்கென்று குழந்தை நரம்பியலில் தனியாக டி.எம். படித்தவர்களும் இருக்கிறார்கள். பெயரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

நரம்பியல் மருத்துவர்களுக்குள்ளும் பக்கவாதம், பார்க்கின்சன், தலைவலி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டம் இருக்கும். வலிப்பு நோயில் மட்டும் கூடுதலாகப் பயிற்சி பெற்றவரை எபிலெப்டாலஜிஸ்ட் என்கிறார்கள். டி.எம்.முக்குப் பிறகு வலிப்பு நோயில் ஃபெல்லோஷிப் முடித்திருப்பதே அதன் அடையாளம். எல்லாருக்கும் இவர் தேவைப்படுவதில்லை. வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சரியான மாத்திரையிலேயே வலிப்பு நின்றுவிடுகிறது. அவர்களை ஒரு நல்ல நரம்பியல் மருத்துவரே பார்த்துக்கொள்வார். மீதமுள்ள ஒரு பங்கினர்தான் மேற்கொண்டு தேட வேண்டியவர்கள்.

சேலத்தில் தொடங்குவது

கட்டணம் ஒரு கவலையாக இருக்கும் குடும்பம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிலிருந்து தொடங்கலாம். நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் புதியவர்களை எந்தக் கிழமையில் பார்க்கிறார்கள் என்பதை ஏற்காடு மருத்துவமனையிலேயே விசாரித்துக்கொண்டு, பரிந்துரைச் சீட்டும் வாங்கிக்கொண்டு, முதல் பேருந்தில் இறங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஓ.பி. சீட்டு வரிசையில் நின்ற பிறகு “இன்று நரம்பியல் இல்லை” என்று கேட்பதைப்போல் மனத்தை ஒடிப்பது வேறில்லை. கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. ஆகவே நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பத்து வரிச் சுருக்கம் எழுதி வைத்திருந்தால் அந்த நிமிடங்கள் முழுவதும் பயன்படும். வலிப்பு மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் என்பது, ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டிய நோயில் சிறிய விஷயமன்று.

தனியாரில் பார்ப்பதென்றால் ஐந்து ரோடு, சாரதா கல்லூரி சாலைப் பக்கம் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. முன்பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகள் கேளுங்கள்: மருத்துவர் டி.எம். நியூராலஜியா, முழு நேரமாக இங்கேயே இருப்பவரா அல்லது மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து வருபவரா, ஈ.ஈ.ஜி. அங்கேயே எடுக்கிறார்களா. மாதம் ஒருமுறை வருபவர் திறமையானவராகவே இருக்கலாம். ஆனால் இடையில் உடம்பில் தடிப்பு வந்தாலோ வலிப்பு அதிகமானாலோ யாரிடம் பேசுவது என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் வராதீர்கள். புதிய வலிப்பு மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால், அது அன்றே மருத்துவருக்குத் தெரிய வேண்டிய செய்தி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்துவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது கைகொடுக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிவு செய்யலாம். உள்நோயாளியாகச் சேர்ந்து செய்யும் சிகிச்சைகளுக்குத்தான் அது பெரும்பாலும் பயன்படும். மாதாந்தர மாத்திரைச் செலவுக்கு அதை எதிர்பார்க்காதீர்கள்.

மருத்துவர் கேட்கும் கேள்விகள்

முதலில் நாங்கள் போன தனியார் மருத்துவமனையில், கோப்பைப் பார்த்து, ஸ்கேன் எழுதி, கார்பமசிப்பின் மாத்திரை எழுதி, நான்கு நிமிடங்களில் அனுப்பிவிட்டார்கள். மாத்திரையை ஒரு வேளையும் தவறாமல் கொடுத்தோம். வலிப்பு நிற்கவில்லை. மருந்தின் அளவைக் கூட்டினார்கள், அப்போதும் நிற்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு மருத்துவர், என் மகன் கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, அக்காவிடம் எங்கள் யாருக்கும் தோன்றியிராத ஒரு கேள்வியைக் கேட்டார்: காலையில் எழுந்தவுடன் பிள்ளையின் கையிலிருப்பது வெட்டிவிட்டதுபோல் தெறித்து விழுவதுண்டா? அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “டம்ளரைப் போடுவாள் டாக்டர், பிரஷைப் போடுவாள். கவனமே இல்லையென்று தினமும் திட்டுவேன்” என்றார். சித்திரைத் திருவிழாவுக்கு இரவு முழுவதும் கண்விழித்த மறுநாள் காலையில்தான் முதல் பெரிய வலிப்பு வந்தது என்பதும் அப்போதுதான் அக்காவின் நினைவுக்கு வந்தது.

பதின்ம வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பு நோய்க்கு இதுவே இலக்கணம்: விழித்தெழுந்த வேளையில் கைகள் வெட்டுதல், தூக்கம் கெட்டால் பெரிய வலிப்பு. கார்பமசிப்பினும் பெனிட்டோயினும் வேறு வகை வலிப்புகளுக்கு நல்ல மருந்துகளே. இந்த வகையில் அவை கைவெட்டுதலை அதிகப்படுத்தக்கூடும். மருந்தை மெல்ல மாற்றினார்கள். நோய் அதேதான், வகை தெரிந்ததும் வழி தெரிந்தது. அதனால்தான், ஒருவர் வலிப்பு நோயில் தேர்ந்தவரா என்பதை நான் கட்டடத்தை வைத்தோ வாசலில் நிற்கும் கூட்டத்தை வைத்தோ அளப்பதில்லை. வலிப்பு தொடங்கும் முதல் நொடிகளைப் பற்றிக் கேட்கிறாரா, தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறாரா, இது எந்த வகை என்று உங்களுக்குப் பெயர் சொல்கிறாரா, எழுதும் மருந்து ஏன் இந்த வகைக்குப் பொருந்தும் என்று விளக்குகிறாரா என்று பாருங்கள்.

சோதனைகளைப் பற்றி இரண்டு செய்திகள். வழக்கமான ஈ.ஈ.ஜி. அரைமணி நேரப் பதிவு. வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறத்தாழப் பாதிப்பேருக்கு முதல் பதிவு இயல்பாக இருக்கக்கூடும். ஆகவே “ஈ.ஈ.ஜி. நார்மல், ஒன்றுமில்லை” என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள், தூக்கம் குறைத்து எடுக்கும் பதிவு வேண்டுமா என்று கேளுங்கள். முந்தைய நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் செல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுப்பதானால் சீட்டில் வலிப்பு நோய்க்கான முறை என்று மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். பொதுவான எம்.ஆர்.ஐ.யில் நெற்றிப்பொட்டை ஒட்டி உள்ளே இருக்கும் பொட்டு மூளைப்பகுதியின் உட்புறத் தழும்பு கண்ணில் படாமல் போகலாம். நம் நாட்டில் பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்குவதும் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம். சுத்தமில்லாத நீரும் சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறியும் அதற்கு வழியாகின்றன, பன்றி இறைச்சியே உண்ணாத வீடுகளிலும் அது வரும்.

பெண்களும் குழந்தைகளும்

பெண் பிள்ளைக்குச் சோடியம் வால்புரோவேட் எழுதினால், வேறு மருந்து பொருந்துமா என்று கேளுங்கள். கர்ப்பகாலத்தில் அதை உட்கொண்டால் ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. குழந்தையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். திருமணப் பேச்சு எடுக்கும்போதே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கர்ப்பம் தரித்த பிறகு பயந்துபோய் மாத்திரையை நிறுத்துவது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. வலிப்பு நோய் இருந்தால் திருமணம் செல்லாது என்று இன்னும் சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து அந்தச் சொல்லை 1999-லேயே எடுத்துவிட்டார்கள்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கி எழுந்ததும் தலையைக் குனிந்து கைகளை விரித்து, தொடர்ச்சியாகப் பலமுறை திடுக்கிட்டால், அது பயமோ வயிற்று வலியோ அன்று என்று எண்ணி அன்றே குழந்தை நரம்பியல் மருத்துவரைத் தேடுங்கள். அந்த வகையில் ஒவ்வொரு வாரத் தாமதமும் குழந்தையின் வளர்ச்சியைத் தின்னும். வகுப்பில் சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும் பிள்ளையை “கனவு காண்கிறான்” என்று ஆசிரியர் சொன்னாலும் ஒருமுறை காட்டுவது நல்லது.

எப்போது சேலத்துக்கு அப்பால்

பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், தவறாமல் உட்கொண்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்பது உலகளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறை. மூன்றாவது, நான்காவது மாத்திரையைச் சேர்த்துக்கொண்டே ஆண்டுகளைக் கழிப்பதைவிட, அந்த இடத்தில் முழுமையான வலிப்பு நோய் மையம் ஒன்றுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார். அங்கே நாள்கணக்கில் படுக்க வைத்து, வீடியோவும் ஈ.ஈ.ஜி.யும் சேர்த்துப் பதிவு செய்து, அறுவைச் சிகிச்சையால் நிற்கக்கூடிய வகையா என்று பார்ப்பார்கள். பொட்டு மூளைப்பகுதியில் தழும்பு உள்ளவர்களில், அறுவைக்குப் பின் பத்தில் ஆறேழு பேருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது.

சேலத்திலிருந்து போகக்கூடியவை நான்கைச் சொல்லலாம். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1995 முதல் வலிப்பு அறுவைச் சிகிச்சை செய்துவருகிறது. சேலம் சந்திப்பிலிருந்து இரவு ரயில் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ், ஓசூர் வழியாகப் பேருந்தில் அரை நாள் பயணம். தமிழில் பேசியே சமாளித்துவிடலாம். வேலூர் சி.எம்.சி.க்குக் காட்பாடியில் இறங்க வேண்டும். 2022 முதல் ராணிப்பேட்டையிலும் அதற்கு ஒரு வளாகம் இருப்பதால், முன்பதிவின்போதே எந்த வளாகம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் நரம்பியல் நிலையம், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. எங்கே போனாலும் எம்.ஆர்.ஐ. படத்தின் குறுந்தகட்டையும் ஈ.ஈ.ஜி. தாள்களையும் இதுவரை உட்கொண்ட மருந்துகளின் பெயர், அளவு, காலம் அடங்கிய பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள்; அறிக்கைத் தாள் மட்டும் போதாது, அவர்கள் படத்தைத் தாங்களே பார்க்க விரும்புவார்கள்.

மலையில் இருப்பவர்கள் சொல்ல வேண்டியது

சேலம் மருத்துவரிடம் “ஏற்காடு” என்று மட்டும் சொன்னால் அவர் மனத்தில் ஏரியும் படகுத்துறையும்தான் வரும். உங்கள் வீட்டிலிருந்து தார்ச்சாலைக்கு எவ்வளவு தூரம், இரவில் 108 வந்து சேர எவ்வளவு நேரமாகும், அங்கிருந்து அடிவாரம் இறங்க எவ்வளவு நேரமாகும் என்று நிமிடக் கணக்கில் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பை நிறுத்த, மூக்கில் தெளிக்கும் மிடசோலம் மருந்தை வீட்டில் வைத்திருக்கலாமா என்று கேளுங்கள். அவர் சரியென்றால் அளவை எழுதி வாங்கி, தெளிக்கும் முறையை அங்கேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லி, வீட்டில் குறைந்தது இருவராவது கற்றுக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் வண்டி ஓட்டும் இளைஞராக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓட்டுநர் உரிம விண்ணப்பத்திலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது.

மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் மருந்துக்கடைக்குச் சரக்கு வருவதும் நின்றுபோகும். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு மாத மாத்திரையைக் கூடுதலாகக் கேட்டு வாங்கி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இல்லாமல், ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். அக்கா அதை இப்போது பிரஷ் மாட்டும் ஆணிக்கு நேர் மேலேயுள்ள தட்டில் வைக்கிறாள்.